மாற்றிக்கொண்ட ஷிப்ட்

அன்றிரவு மருந்துக்கடையில்
நிற்க வேண்டியவன் நான்.
மகனுக்குப் பள்ளியில் ஏதோ நாடகம்.
அதில் அவன் ஒரு பெங்குவின்.
வசனம்கூடக் கிடையாது.
"நான் பாத்துக்கறேன் யெர்கோ, நீ போ" என்றாள்
மில்லாராய்.
பத்தொன்பது வயது.
வேலைக்குச் சேர்ந்து பதினோராவது வாரம்.

ஒன்பது இருபதுக்கு இரண்டு பேர்.
ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.
மற்றவனிடம் மீன் அறுக்கும் கத்தி.
போனது
ஒரு லட்சத்து எண்பதாயிரம் பெசோ,
எட்டுப் பெட்டி தூக்க மாத்திரை,
இடது புருவத்தில் ஆறு தையல்.
தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
முதல் இரண்டுக்கும் கட்டங்கள் இருந்தன.
மூன்றாவதை
"பிற" என்ற வரியில் எழுதச் சொன்னார்கள்.

பதினேழு நாள் கழித்து வந்தாள்.
கதவு திறந்தால் ஒலிக்கும் மணி
வழக்கம்போல ஒலித்தது.
அவள் கையிலிருந்த இருமல் மருந்து
தரையில் விழுந்து சிதறியது.
கடை முழுக்கச் செர்ரி வாசனை.
கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த தபால்காரர்
வாசலிலேயே நின்று
தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்,
எதற்கென்று தெரியாமலே.

அன்றே ஏணி போட்டு மணியைக் கழற்றினேன்.
மேலாளரிடம் பழுது என்றேன்.
மறுநாள் அவள் கேட்டாள்:
"மணி இல்லாட்டா
யாரு வர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"
மறுபடி ஏணி.
ஒரு திருகாணி மிஞ்சிப்போயிற்று.
எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை,
இன்னும் என் சட்டைப்பையில் கிடக்கிறது.

எல்லாம் சரியாகிவிடும் என்று
மூன்று முறை சொல்லியிருப்பேன்.
நான்காவது முறை வாய் திறக்கும்போதே
கையைக் காட்டி நிறுத்தினாள்.
"அதச் சொல்லாத. பசிக்குது. ரொட்டி வாங்கிட்டு வா."
பின்னறையில்
டயப்பர் பெட்டிகள்மேல் உட்கார்ந்து தின்றோம்.
எவ்வளவு தின்றாள் என்று
கஞ்சனைப்போல எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்றரை.

செவ்வாய்தோறும் உளவியலாளரிடம் போனாள்.
அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை.
திரும்பி வரும்போது
சில நாள் கண் சிவந்திருக்கும்,
சில நாள் நகங்களுக்குச் சாயம் பூசியிருப்பாள்.

இரவில் இரண்டு பேர் வேண்டுமென்று
மனு எழுதினோம்.
துப்புரவு பார்க்கும் நோல்ஃபா உட்பட
ஒன்பது கையெழுத்து.
ஆள் கேட்டோம்,
கேமரா அனுப்பினார்கள்.
அதனால் என் பகல் வேலை முடிந்த பிறகும்
எடை பார்க்கும் இயந்திரத்தின் அருகே
ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
சம்பளம் இல்லை.
வந்தவர்களெல்லாம்
என்னிடம் எடை விசாரித்தார்கள்.

நவம்பர். புன்டா அரீனாஸில்
மனிதரைத் தள்ளிவிடும் காற்று வீசும் மாதம்.
நகராட்சி தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தது,
பிடித்துக்கொண்டு நடக்க.
கடையைப் பூட்டிவிட்டு
பஸ் நிறுத்தம்வரை போனோம்,
முன்னால் அவள், பின்னால் நான், ஒரே கயிறு.
இரண்டு மாதமாகத் தொண்டையில் இருந்ததை
அங்கேதானா சொல்லத் தோன்ற வேண்டும்?
"அது என் ஷிப்ட்!"
காற்று அதை நீரிணைப் பக்கம் கொண்டுபோயிற்று.
மறுபடி கத்தினேன்:
"அன்னிக்கு அது என் ஷிப்ட், மில்லாராய்!"

அவள் திரும்பவில்லை. கத்தினாள்:
"தெரியும்! அட்டவணை
ஃப்ரிட்ஜ் மேலதான ஒட்டியிருக்கு!"
கொஞ்ச தூரம் போய்:
"உன்மேல கோவமும் இருந்துச்சு!"
இன்னும் கொஞ்ச தூரம் போய்:
"பெங்குவின் எப்படி நடிச்சான்?"

"ரெண்டு தடவ விழுந்தான்.
ஒண்ணுதான் நாடகத்துல இருந்தது."

சிரித்தாளா, குளிரில் முகம் சுளித்தாளா,
பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை.
பஸ் வந்தது.
ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள்.
கதவு பக்கம் இன்னும் உட்காருவதில்லை.

வியாழக்கிழமை பார்த்தேன்:
வெள்ளி இரவுக் கட்டத்தில்
பென்சிலில் அவள் பெயர்,
மிக மெலிதாக.
பக்கத்தில் என் பெயரைப் பேனாவால் எழுதினேன்.
மேசை இழுப்பறையில் தேடி
ஒரு ரப்பர் எடுத்து
அவள் கைக்கு எட்டும்படி
ஃப்ரிட்ஜ்மேல் வைத்துவிட்டு வந்தேன்.